பன்னிரண்டு வோல்ட்

முதலில் அந்தப் பருத்த நாவல்.
எழுநூற்றுப் பதினாறு பக்கம், சீனி ஆலை முதலாளி குடும்பம்,
நாலு தலைமுறை, மூன்று தற்கொலை.
எல்லாரும் புகழ்ந்தார்கள்.
நான் இருநூற்று நாற்பதில் இறங்கிவிட்டேன்,
வேறு யாருடையதோ தரிப்பில் இறங்குகிறவளைப் போல,
கொஞ்சம் வெட்கத்தோடு.
அதில் ஒருவருக்கும் பசிப்பதில்லை.
ஆலையில் வேலை செய்கிறவன் கையில்
ஒரு பிசுபிசுப்புக்கூட இல்லை.
அழகான வசனம் என்றால்
கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கவேண்டுமா என்ன?

சித்திரக்கதை வேறு விஷயம்.
வோவிங்கல் சந்தையில் ஒன்றரை யூரோ,
முதுகு கிழிந்து,
பின்னட்டையில் யாரோ கோப்பி வைத்த வட்டத்தோடு.
உள்ளே ஒரு சொல் கிடையாது.
நகரத்து மணிக்கூடுகளுக்குச் சாவி கொடுக்கும் ஒருத்தி
ஏணியைத் தோளில் போட்டு நடக்கிறாள்.
அவ்வளவுதான் கதை.
தொங்கு ரயிலில் வாசித்தேன்.
கீழே வூப்பர் ஆறு,
இரு பக்கமும் மனிதர்களின் இரண்டாம் மாடிகள்:
ஒரு ஜன்னலில் இஸ்திரிப் பெட்டி,
அடுத்ததில் பூனை, அடுத்ததில் இழுத்து மூடிய திரை.
கட்டம் கட்டமாய் இந்த ஊரும்
வசனம் எழுத மறந்த ஒரு சித்திரக்கதை.
(மலிவான உவமை. அடித்துவிடத்தான் நினைத்தேன்.
இருக்கட்டும், ஒன்றரை யூரோதானே.)

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் ஏணி விழுகிறது.
அடுத்த பக்கம் முழுக்க வெள்ளை.
அதற்கடுத்ததில் அவள் எழும்பி முழங்காலைத் தட்டுகிறாள்.
அந்த வெள்ளையில் நின்றவள்
ஓபர்பார்மன் வரை போய்விட்டேன்.
என் தரிப்பு எப்போதோ போய்விட்டது.
பல் ஆய்வுகூடத்துக்கு அன்று பதினேழு நிமிடம் பிந்தி,
யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லைத்
தப்பான நிறத்தில் செய்துவைத்தேன்.
நல்ல புத்தகத்துக்கு என்னிடம் வேறு அளவுகோல் இல்லை.

பிறகு படம். அதில்தான் சண்டை.
ஞாயிறு காலை பதினொரு மணிக் காட்சி, எல்பெர்ஃபெல்ட்,
பன்னிரண்டு பேர், ஒரு நாய்.
சுகிர்தனும் வந்தான், டிக்கெட் இல்லாமல்;
தியேட்டரின் சோடாப் பெட்டியைத் திருத்தியவன் அவன்.
பாலம் உடைந்த ஊரில் ஒருவன்
தங்கச்சிக்கு ஒரு ஃபிரிட்ஜைப் படகில் கொண்டுபோகிறான்.
அகலமான ஆறு. இருட்டுகிறது. துடுப்பின் சத்தம் மட்டும்.
நடு ஆற்றில், எதற்கென்று தெரியாமல்,
அவன் கதவைத் திறக்கிறான்.
உள்ளே விளக்கு எரிகிறது.
மஞ்சள் வெளிச்சத்தில்
படகின் விலா எலும்பெல்லாம் தெரிகிறது.

எனக்கு மூச்சு நின்றது.
சுகிர்தன் வாய்விட்டே கேட்டான், தமிழில்:
"பிளக் எங்க குத்தியிருக்கு?"
நாய் திரும்பிப் பார்த்தது.

வெளியே வந்தும் விடவில்லை.
இருபத்திரண்டு வருஷமாய் ஃபிரிட்ஜ் திருத்துகிறானாம்,
கறன்ட் இல்லாமல் ஒரு குமிழ் எரிந்து கண்டதில்லையாம்.
அந்த ஒரு பொய்யால்தான்
மிச்ச இரண்டு மணித்தியாலமும் உண்மை என்றேன்.
"அப்ப பொய் சொல்லாமலே எடுத்திருக்கலாமே."
பதில் உடனே வரவில்லை.
பிறகும் வரவில்லை.
பேக்கரியில் இரண்டு கோப்பி குடித்தோம்,
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி.

ஒன்பது நாள் பேச்சில்லை.
கோபம் என்றில்லை,
அவனுக்கு வேலை, எனக்குப் பல்.

நேற்றிரவு பத்தரைக்குப் போன் வந்தது.
ரோன்ஸ்டோர்ஃபில் யார் வீட்டுக் குசினித் தரையிலோ
குப்புறக் கிடக்கிறானாம்.
டோர்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு பேசினான்,
பாதிச் சொல் விளங்கவில்லை.
"வானுக்குள்ள பூட்டுற ஃபிரிட்ஜ் இருக்கெல்லோ,
அது பன்னிரண்டு வோல்ட்டில ஓடும்.
பின்பக்கம் ஒரு பாட்டரி வச்சிருப்பான்.
காட்டேல்லை, அவ்வளவுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பெட்டி எந்த வானுக்குள்ளும் ஏறாது,
அலுமாரி அளவு.
அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஆனா கடைசிப் பத்து நிமிஷம் தேவையில்லை" என்றேன்.

"தேவையே இல்லை" என்றான், உடனே.